அமெரிக்க ரெசிடென்சி: காப்பீடு, விடுப்பு, உரிமைகள் பற்றி நம் டாக்டர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மார்ச் மூன்றாவது வெள்ளிக்கிழமை மேட்ச் முடிவு, அதாவது யாருக்கு எந்த மருத்துவமனையில் ரெசிடென்சி இடம் என்ற அறிவிப்பு, வரும். சில நாள் வாழ்த்துகள் ஓயாது. அப்புறம் கேள்விகள் தொடங்கும். தமிழ்நாட்டில் எம்பிபிஎஸ் முடித்து அமெரிக்காவுக்கு ரெசிடென்சிக்கு (மருத்துவமனையில் வேலை பார்த்தபடியே பெறும் சிறப்புப் பயிற்சிக்கு) வரும் ஜூனியர்கள் வருடாவருடம் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நானும் இதே வழியில் வந்து இன்டர்னல் மெடிசின் முடித்தவள்.

மருத்துவமனைக்கு மருத்துவமனை பிளான் மாறும். ஆனாலும் பொதுவான அடிப்படை விதிகள் உண்டு. அவற்றில் பல, ரெசிடென்சி புரோகிராம்களுக்கு அங்கீகாரம் தரும் ஏசிஜிஎம்இ அமைப்பு வகுத்தவை. "சீட் கிடைத்ததே பெரிது, இதையெல்லாம் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ" என்ற தயக்கத்தால்தான் நம்மவர்கள் அதிகம் இழக்கிறார்கள். தயங்காமல் கேளுங்கள்.

அக்கா, ரெசிடென்ட் என்றால் மாணவரா, ஊழியரா? எனக்குப் புரியவே இல்லை.

பயிற்சி என்ற வகையில் மாணவர். சட்டத்தின் பார்வையில் பெரும்பாலும் ஊழியர். தனியார் மருத்துவமனை ரெசிடென்டுகள் ஊழியர்களே, யூனியன் அமைக்கலாம் என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 1999ல் பாஸ்டன் மெடிக்கல் சென்டர் வழக்கில் தீர்ப்பளித்தது. முழுநேரம் வேலை செய்யும் ரெசிடென்டுக்கு மாணவர் என்ற வரிவிலக்கு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2011ல் மேயோ வழக்கில் சொன்னது.

ஊரில் பிஜிக்குக் கிடைப்பது ஸ்டைபண்ட். இங்கே கிடைப்பது சம்பளம். அதனால் ஊழியருக்குரிய காப்பீடும் விடுப்பும் பாதுகாப்பும் உங்களுக்கும் உண்டு. கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

கான்ட்ராக்ட் எப்போது கையில் வரும்? சம்பளத்தைப் பேசிக் கூட்ட முடியுமா?

முடியாது. மேட்ச் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். ஒரே மருத்துவமனையில் ஒரே ஆண்டில் இருக்கும் ரெசிடென்டுகளுக்குப் பொதுவாக ஒரே சம்பளம்தான். முதலாண்டில் பெரும்பாலும் வருடத்துக்கு 60 முதல் 80 ஆயிரம் டாலர் வரை, ஊரைப் பொறுத்து.

பேரம் பேச முடியாதே தவிர, முன்கூட்டியே படிக்க முடியும். இன்டர்வியூவுக்கு அழைக்கப்பட்டவர்களுக்குச் சம்பளம், விடுப்பு, காப்பீடு பற்றிய விவரங்களைத் தெரிவிக்க வேண்டும் என்பது ஏசிஜிஎம்இ விதி. ரேங்க் லிஸ்ட் (மேட்சுக்காக விருப்ப வரிசையில் நீங்கள் தரும் புரோகிராம் பட்டியல்) போடுவதற்கு முன்பே அந்தப் பக்கங்களைத் தேடிப் படியுங்கள். சம்பளத்தில் சில ஆயிரம் குறைவாக இருந்தாலும் குடும்பக் காப்பீட்டுப் பிரீமியத்தை மருத்துவமனையே கட்டும் இடம், கையில் நிற்கும் பணத்தில் முந்திவிடும்.

ஹெல்த் இன்சூரன்ஸ் எந்தத் தேதியில் தொடங்கும்? நான் ஜூன் தொடக்கத்திலேயே வந்து இறங்குகிறேன்.

வேலைக்குச் சேரும் நாளிலேயே தொடங்கும் இடங்கள் அதிகம். சில இடங்களில் அடுத்த மாதம் முதல் தேதி. சேரும் நாளும் காப்பீடு தொடங்கும் நாளும் வேறு என்றால், இடைக்காலத்துக்கு என்ன வழி என்று மருத்துவமனை உங்களுக்கு முன்னதாகவே தகவல் தர வேண்டும். ஓரியன்டேஷன் ஜூன் பாதியில் இருக்கும். காப்பீடு ஜூலை 1 என்று இருக்கலாம். எச்ஆரிடம் தேதியை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். அதற்கு முன் வந்து இறங்குகிறவர்கள் அந்த நாட்களுக்குக் குறுகிய காலக் காப்பீடு ஒன்றை ஊரிலிருந்தே எடுத்து வருவது நல்லது.

இன்னொன்று: பிளானில் தானாகச் சேர்த்துவிட மாட்டார்கள். நீங்கள் தேர்வு செய்து பதிய வேண்டும். அதற்குப் பெரும்பாலும் 30 நாள் கெடு. ஓரியன்டேஷன் பரபரப்பில் அதைத் தவறவிட்டால் அடுத்த ஓப்பன் என்ரோல்மென்ட் (வருடத்துக்கு ஒரு முறை பிளானில் சேரத் திறக்கும் காலம்) வரை காத்திருக்க நேரிடும்.

டிடக்டிபிள், கோபே, இன்-நெட்வொர்க்... தலை சுற்றுகிறது. எந்த பிளான் எடுக்க?

டிடக்டிபிள் என்பது காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் ஒரு வருடத்தில் நீங்கள் கட்ட வேண்டிய தொகை. கோபே என்பது ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்க்கும்போதும் கட்டும் சிறு தொகை. அவுட் ஆஃப் பாக்கெட் மேக்சிமம் என்பது வருடத்தின் உச்ச வரம்பு. நெட்வொர்க்கில் இருக்கும், அதாவது காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள, மருத்துவமனையில் அதைத் தாண்டி உங்கள் பங்கு ஏறாது.

பிரீமியத்தை மட்டும் பார்த்து பிளான் எடுக்காதீர்கள். பிரசவமோ அறுவை சிகிச்சையோ வந்தால் அந்த உச்ச வரம்புதான் உங்கள் செலவு. தனியாளாக, ஆரோக்கியமாக இருப்பவருக்குப் பிரீமியம் குறைந்த பிளான் போதும். குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதிக்கு டிடக்டிபிள் குறைந்த பிளானே சரி. வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே சிகிச்சை பெற்றால் சலுகை தரும் பிளான்களும் உண்டு. அதையும் விசாரியுங்கள்.

ஜே-1 விசாவுக்குத் தனியாக இன்சூரன்ஸ் எடுக்க வேண்டுமா?

ஜே-1 என்பது பயிற்சிக்காக வருபவர்களுக்கான பரிமாற்ற விசா. அதன் விதிகள் குறைந்தபட்சக் காப்பீட்டை வரையறுத்திருக்கின்றன: ஒரு நோய்க்கு அல்லது விபத்துக்கு 1 லட்சம் டாலர், அவசர நிலையில் ஊருக்குக் கொண்டுசெல்ல 50 ஆயிரம், இறப்பு நேர்ந்தால் உடலைத் தாய்நாட்டுக்கு அனுப்ப 25 ஆயிரம், டிடக்டிபிள் 500 டாலருக்கு மேல் போகக் கூடாது. மருத்துவமனை பிளான் முதல் பகுதியைத் தாராளமாகத் தாண்டும். இடையிலுள்ள இரண்டும் அதில் இல்லாமல் இருப்பது சகஜம். டிடக்டிபிளும் கூடுதலாக இருக்கலாம். சில மருத்துவமனைகள் தாங்களே இதற்கான துணைக் காப்பீட்டைச் சேர்த்துத் தரும். இல்லையென்றால் நீங்கள் வாங்க வேண்டும். செலவு பெரிதல்ல.

ஜே-2 விசாவில் வரும் மனைவி, கணவர், குழந்தைகளுக்கும் இதே நிபந்தனைதான். வேண்டுமென்றே காப்பீடு இல்லாமல் இருந்தால் ஸ்பான்சர் பயிற்சியையே நிறுத்தலாம். ரெசிடென்டுகளுக்கு ஜே-1 ஸ்பான்சர், வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்குச் சான்றளிக்கும் இசிஎஃப்எம்ஜி அமைப்பு மட்டுமே என்பதால், சந்தேகம் இருந்தால் மருத்துவமனையில் இதற்கென இருக்கும் தொடர்பு அலுவலர் வழியாக அவர்களையே கேளுங்கள்.

அப்பா அம்மாவை என் இன்சூரன்ஸில் சேர்க்கலாமா?

பொதுவாக முடியாது. மனைவி அல்லது கணவர், 26 வயது வரை பிள்ளைகள், அவ்வளவுதான். பெற்றோர் வந்து போகும்போது விசிட்டர் இன்சூரன்ஸ் எடுக்கலாம். ஆனால் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, இதய நோய்க்கு அது பெரும்பாலும் கைகொடுக்காது. அந்தப் பகுதியை வரி விடாமல் படித்துவிட்டு டிக்கெட் போடுங்கள். மாத்திரைகளை ஊரிலிருந்தே தேவையான அளவு கொண்டுவரச் சொல்லுங்கள்.

வாரம் 80 மணி நேரம்தான் என்கிறார்கள். அது உண்மையா, ஏட்டில் மட்டுமா?

இந்த விதிக்குப் பின்னால் ஒரு மரணம் இருக்கிறது. 1984ல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் லிபி சயன் என்ற 18 வயதுப் பெண், அனுமதிக்கப்பட்டுச் சில மணி நேரத்தில் இறந்தார். அவரைக் கவனித்த ரெசிடென்டுகள் எவ்வளவு நேரம் தூங்காமல் வேலை பார்த்தார்கள் என்ற கேள்வி எழுந்தது. நியூயார்க் மாநிலம் 1989ல் வேலை நேரத்துக்கு வரம்பு கொண்டுவந்தது. 2003ல் ஏசிஜிஎம்இ அதை நாடு முழுவதற்கும் விதித்தது.

இன்றைய விதி: நான்கு வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணி நேரம். வீட்டிலிருந்து சார்ட் (நோயாளிக் குறிப்பு) எழுதுவதும் மூன்லைட்டிங்கும் (பயிற்சிக்கு வெளியே கூடுதல் சம்பளத்துக்குச் செய்யும் டாக்டர் வேலை) இதில் அடக்கம். தொடர்ந்து 24 மணி நேரம், அதற்கு மேல் நோயாளிகளை ஒப்படைப்பது, வகுப்பு போன்றவற்றுக்கு 4 மணி நேரம் வரை. 24 மணி நேர ட்யூட்டிக்குப் பிறகு 14 மணி நேர ஓய்வு. சராசரியாக ஏழு நாளில் ஒரு நாள் முழு விடுமுறை. சராசரி என்பதால் ஒரு வாரம் 90ஐத் தொட்டாலும் விதிமீறல் ஆகாது. 80 என்பதே அதிகம் என்பதுதான் என் கருத்து. ஆனாலும் எல்லை என்று ஒன்று இருப்பதால்தான் அதைச் சுட்டிக்காட்டிப் பேச முடிகிறது.

80ஐத் தாண்டினால் உள்ளபடியே பதிவு செய்யலாமா? புரோகிராமுக்குக் கெட்ட பெயர் வந்தால் எனக்குத்தானே பாதிப்பு?

உள்ளபடியே பதியுங்கள். "79 என்று போட்டுவிடு" என்று சீனியர் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பொய்யாகப் பதிந்தது பின்னால் தெரிந்தால், மாட்டுவது கையெழுத்துப் போட்ட நீங்கள்தான். எல்லோரும் 79 என்று போடுவதால்தான் கூடுதல் ஆள் தேவை என்பது யார் கண்ணிலும் படாமல் போகிறது.

நேரடியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால், ஏசிஜிஎம்இ வருடம்தோறும் ரெசிடென்டுகளிடம் நடத்தும் ரகசிய சர்வே இருக்கிறது. அதில் உண்மையை எழுதுங்கள். அதற்கு முன் சீஃப் ரெசிடென்ட், புரோகிராம் டைரக்டர், ஜிஎம்இ அலுவலகம் (மருத்துவமனையில் ரெசிடென்சிப் பயிற்சிகளை நிர்வகிக்கும் பிரிவு) என்று படிப்படியாகப் போகலாம். புகார் சொன்னதற்காகப் பழிவாங்குவதும் விதிமீறலே.

நைட் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் கார் ஓட்ட பயமாக இருக்கிறது.

ஓட்டாதீர்கள். களைப்பில் வீடு திரும்ப முடியாதவருக்குத் தூங்க இடமும் பாதுகாப்பான பயண வசதியும் தர வேண்டியது மருத்துவமனையின் கடமை. பல இடங்களில் வாடகைக் காருக்கான பணத்தைத் திருப்பித் தருகிறார்கள். எப்படிக் கோருவது என்பதை முதல் வாரமே கேட்டு போனில் குறித்து வையுங்கள்.

ஊசி குத்திவிட்டது. யாரிடமும் சொல்லாமல் நானே டெஸ்ட் பண்ணிக்கலாமா?

கூடாது. உடனே கழுவுங்கள், சீனியரிடம் கேஸை ஒப்படையுங்கள், எம்ப்ளாயி ஹெல்த் பிரிவுக்குப் போங்கள். இரவு என்றால் எமர்ஜென்சிக்கு. ஹெச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்துக்குப் பிறகு பலன் எதிர்பார்க்க முடியாது. மொத்தம் 28 நாள் சாப்பிட வேண்டும்.

பணியிடப் பாதுகாப்புத் துறையான ஓஷா, ரத்தம் வழியாகப் பரவும் நோய்கள் குறித்து 1991ல் கொண்டுவந்த விதிப்படி, பரிசோதனையும் தொடர் சிகிச்சையும் ஊழியருக்கு இலவசம்; ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் இலவசம். இது வேலையில் ஏற்பட்ட காயம் என்பதால் வொர்க்கர்ஸ் காம்பன்சேஷனில் (பணியிடக் காயங்களுக்கான காப்பீடு) வரும், உங்கள் ஹெல்த் இன்சூரன்ஸில் அல்ல. பதிவு இல்லாமல் பின்னால் தொற்று தெரிய வந்தால், அது வேலையில்தான் வந்தது என்று நிரூபிப்பது பெரும்பாடு. இதை மறைப்பதில் எந்த லாபமும் இல்லை.

மால்பிராக்டிஸ் இன்சூரன்ஸ் மருத்துவமனையே தருகிறதே. அப்புறம் ஏன் எல்லோரும் டெயில், டெயில் என்கிறார்கள்?

சிகிச்சையில் தவறு என்று நோயாளி வழக்குப் போட்டால் காப்பது இந்தக் காப்பீடு. இதில் இரண்டு வகை உண்டு. அக்கரன்ஸ் வகையில், காப்பீடு நடப்பில் இருந்தபோது நடந்த சம்பவத்துக்கு வழக்கு எப்போது வந்தாலும் பாதுகாப்பு உண்டு. கிளெய்ம்ஸ்-மேட் வகையில், வழக்கு வரும் நாளிலும் காப்பீடு உயிரோடு இருக்க வேண்டும். நீங்கள் போன பிறகு வரும் வழக்குக்கு டெயில் கவரேஜ் வேண்டும். பயிற்சியின்போது செய்த வேலைக்கு, பயிற்சி முடிந்தபின் வழக்கு வந்தாலும் பாதுகாப்பு தர வேண்டும் என்று ஏசிஜிஎம்இ சொல்கிறது. கான்ட்ராக்டில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

மருத்துவமனையே மூடிவிட்டால்? 2019ல் பிலடெல்பியாவின் ஹானிமன் பல்கலைக்கழக மருத்துவமனை திவாலாகி மூடப்பட்டது. 550க்கும் மேற்பட்ட ரெசிடென்டுகளும் ஃபெல்லோக்களும் (ரெசிடென்சிக்குப் பின் மேல்பயிற்சி பெறுபவர்கள்) வேறு இடம் தேடி அலைந்தார்கள். அது போதாதென்று, அவர்களுக்கான டெயில் கவரேஜுக்குப் பணம் கட்டப்படாது என்ற செய்தி வந்தது. பெரும் போராட்டத்துக்குப் பிறகே அது சரிசெய்யப்பட்டது. அதிலிருந்து நான் ஜூனியர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: காப்பீட்டுச் சான்றிதழின் நகலை ஒவ்வொரு வருடமும் வாங்கி உங்களிடமே வைத்திருங்கள்.

மூன்லைட்டிங் செய்து கொஞ்சம் கூடுதலாகச் சம்பாதிக்கலாமா?

ஜே-1 என்றால் அறவே கூடாது. ஹெச்-1பி (நிறுவனம் மனு போட்டுப் பெறும் வேலை விசா) என்றால் மனு போட்ட நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்யலாம். வேறு இடத்துக்குத் தனி மனு வேண்டும். முதலாண்டு ரெசிடென்டுகளுக்கு எந்த விசாவாக இருந்தாலும் அனுமதி இல்லை. கிரீன் கார்டு இருப்பவர்கள் செய்யலாம், புரோகிராம் டைரக்டரின் அனுமதியோடு. ஆனால் முந்தைய பதிலில் சொன்ன மால்பிராக்டிஸ் பாதுகாப்பு பயிற்சி வேலைக்கு மட்டும்தான். வெளி வேலைக்கு யார் காப்பீடு தருகிறார்கள் என்று கேட்காமல் ஒரு ஷிஃப்ட்கூட எடுக்காதீர்கள்.

டிஸ்எபிலிட்டி இன்சூரன்ஸ் இந்த வயதில் எதற்கு? ஏஜென்ட்கள் துரத்துகிறார்கள்.

நோயாலோ காயத்தாலோ வேலை செய்ய முடியாமல் போனால் வருமானம் தரும் காப்பீடு இது. துரத்துவது எரிச்சல்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இத்தனை வருடப் படிப்பின் மதிப்பு முழுவதும் இனிமேல் வரப்போகும் வருமானத்தில்தான் இருக்கிறது. கை நடுக்கமோ முதுகெலும்புக் காயமோ அதை நிறுத்திவிடலாம். மருத்துவமனை தரும் குழுக் காப்பீடு பொதுவாகச் சம்பளத்தில் 60 சதவீதம் தரும். ரெசிடென்ட் சம்பளத்தில் 60 சதவீதம் என்றால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரீமியத்தை மருத்துவமனை கட்டினால், வரும் தொகைக்கு வரியும் உண்டு.

சொந்தமாக எடுப்பதென்றால் ஓன்-ஆக்குபேஷன் என்ற வரையறை இருக்க வேண்டும்: உங்கள் ஸ்பெஷாலிட்டி வேலையைச் செய்ய முடியாவிட்டாலே பணம் வரும், வேறு வேலை பார்த்தாலும் நிற்காது. பின்னால் சம்பளம் கூடும்போது மருத்துவப் பரிசோதனை இல்லாமல் தொகையை உயர்த்தும் வாய்ப்பும் வேண்டும். ஏற்கெனவே ஏதாவது நோய் உள்ளவர்கள், உடல்நலக் கேள்விகளே கேட்காத சிறப்புப் பாலிசி உங்கள் மருத்துவமனையில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். வேறு பாலிசிக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டால் அந்தக் கதவும் மூடிவிடலாம். விசாவில் இருப்பவர்களுக்குச் சில நிறுவனங்கள் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் பாலிசி விற்கும் ஏஜென்டிடம் கேளுங்கள்.

அக்கா, முதல் வருடத்திலேயே கர்ப்பமானால் வேலை போய்விடுமா?

போகாது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி நீக்குவது சட்டவிரோதம். இந்தக் கேள்வியைக் குரலைத் தாழ்த்திக் கேட்கும் ஒவ்வொரு தங்கைக்கும் இதை அழுத்திச் சொல்கிறேன்.

2022 ஜூலை 1 முதல் ஏசிஜிஎம்இ விதி இது: பயிற்சிக் காலத்தில் குறைந்தது ஒரு முறை, சேர்ந்த முதல் நாளிலிருந்தே, ஆறு வாரம் முழுச் சம்பளத்தோடு விடுப்பு. அது போக அந்த வருடம் இன்னும் ஒரு வாரச் சம்பள விடுப்பு கையிருப்பில் இருக்க வேண்டும். விடுப்பில் காப்பீடும் தொடரும். எஃப்எம்எல்ஏ என்ற குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்தின் 12 வாரம் வேறு கணக்கு: அது சம்பளமில்லா விடுப்பு, 12 மாதமும் 1,250 மணி நேரமும் வேலை செய்த பிறகே கிடைக்கும். எனவே முதலாண்டில் கைகொடுப்பது ஏசிஜிஎம்இ விதிதான். சில மாநிலங்களில் இதைவிட நல்ல சட்டங்கள் உண்டு. கர்ப்ப காலத்தில் வேலையில் நியாயமான மாற்றங்கள் கேட்க 2023ல் அமலான சட்டம் வழி செய்கிறது. பிரசவத்துக்குப் பின் ஒரு வருடம் வரை தாய்ப்பால் எடுக்க நேரமும், கழிப்பறை அல்லாத தனி இடமும் தர வேண்டும்.

இரண்டு தேதிகளை மறக்காதீர்கள். குழந்தை பிறந்து 30 நாளுக்குள் காப்பீட்டில் சேர்க்க வேண்டும். தாய் பெயரில் காப்பீடு இருப்பதால் குழந்தை தானாகச் சேர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். விடுப்பு நீண்டால் போர்டு தேர்வுக்கான (சிறப்பு மருத்துவர் சான்றிதழ்த் தேர்வு) தகுதித் தேதி தள்ளிப்போகுமா என்பதைப் புரோகிராமிடம் எழுத்தில் கேளுங்கள். ஜே-1 என்றால் விடுப்பை இசிஎஃப்எம்ஜிக்கும் தெரிவிக்க வேண்டும்.

என் மனைவிக்குத்தான் பிரசவம். எனக்கும் உண்டா? ஊரில் அப்பாவுக்கு ஆபரேஷன் என்றால்?

இரண்டுக்கும் உண்டு. மேலே சொன்ன ஆறு வாரம் தாய்க்கு மட்டுமல்ல. தந்தைக்கும், கடும் நோயில் இருக்கும் பெற்றோரைக் கவனிப்பவருக்கும் பொருந்தும். ஊருக்குப் போவதென்றால் விடுப்போடு விசா முத்திரை, பயண அனுமதிக் கையெழுத்து இரண்டையும் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வர முடியாமல் தூதரகத்தில் மாட்டிக்கொண்டால் விடுப்பு விதி உதவாது.

மனசு சரியில்லை. கவுன்சிலிங் போனால் லைசென்ஸ் கிடைக்காமல் போகுமா?

தயவுசெய்து போங்கள். ரகசியமான, கட்டுப்படியாகும் மனநலச் சிகிச்சை, 24 மணி நேர அவசர உதவி உட்பட, ரெசிடென்டுகளுக்குக் கிடைக்கச் செய்வது மருத்துவமனையின் கடமை. மருத்துவ, மனநல, பல் மருத்துவ அப்பாயின்ட்மென்டுகளுக்கு வேலை நேரத்திலேயே போக அனுமதி தர வேண்டும். நெருக்கடியில் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

லைசென்ஸ் பயம் வெறும் கற்பனை அல்ல. முன்பு பல மாநிலங்கள் "எப்போதாவது மனநலச் சிகிச்சை பெற்றதுண்டா" என்று கேட்டன. 2020ல் நியூயார்க் டாக்டர் லோர்னா பிரீன் தற்கொலை செய்துகொண்ட பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. அவர் பெயரில் 2022ல் கூட்டாட்சிச் சட்டமே வந்தது. இப்போது பல மாநிலங்கள், தற்போது வேலையைப் பாதிக்கும் பிரச்சினை உண்டா என்று மட்டுமே கேட்கின்றன. உங்கள் மாநில விண்ணப்பப் படிவத்தைத் திறந்து கேள்வியை நீங்களே படியுங்கள். வாட்ஸ்அப்பில் சொன்னதை நம்பி சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஜே-1க்கு ஃபைகா வரி இல்லை என்கிறார்கள். என் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்களே?

முன்பு அமெரிக்காவில் இருந்திராத ஜே-1 ரெசிடென்ட், பொதுவாக முதல் இரண்டு காலண்டர் ஆண்டுகளுக்கு வரிக் கணக்கில் நான்-ரெசிடென்ட் (அமெரிக்காவில் வசிக்காதவராகக் கருதப்படுபவர்). அந்தக் காலத்தில் 7.65 சதவீத ஃபைகா (சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் பிடிக்கும் வரி) பிடிக்கக் கூடாது. ஜூனில் வந்தாலும் அது ஒரு முழு ஆண்டாகக் கணக்கிடப்படும். எனவே அடுத்த ஆண்டு டிசம்பர் வரை. பிடித்திருந்தால் முதலில் சம்பளப் பிரிவில் திருப்பிக் கேளுங்கள். அவர்கள் தராவிட்டால் படிவம் 843 வழியாக வரித் துறையிடம் கோரலாம். ஹெச்-1பிக்கு இந்தச் சலுகை கிடையாது, முதல் நாளிலிருந்தே பிடிப்பார்கள்.

ஊரில் வாங்கிய கல்விக் கடனுக்கு இங்கே தள்ளுபடி உண்டா?

இல்லை. பொதுச் சேவைக் கடன் தள்ளுபடித் திட்டம் அமெரிக்க அரசின் கல்விக் கடனுக்கு மட்டும்தான்.

யூனியனில் சேர்ந்தால் விசாவுக்குப் பிரச்சினை வருமா?

தனியார் மருத்துவமனையில் யூனியனில் சேரும் உரிமை, முதல் பதிலில் சொன்னபடி, சட்டம் தந்தது. விசாவைப் பார்த்துத் தருவதல்ல. அரசு மருத்துவமனைகளில் மாநிலச் சட்டத்தைப் பொறுத்து மாறும். 1957ல் நியூயார்க்கில் தொடங்கிய ரெசிடென்டுகள் சங்கம்தான் இன்று பெரியது.

2023 மே மாதம் குவீன்ஸ் பகுதியின் எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனையில் 150க்கும் மேற்பட்ட ரெசிடென்டுகள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரே நிறுவனத்தின் கீழ் மான்ஹாட்டனில் வேலை செய்பவர்களைவிடத் தங்களுக்குச் சம்பளம் குறைவு என்பது அவர்கள் குறை. அவர்களில் பலர் வெளிநாட்டில் படித்து வந்தவர்கள். மூன்று ஆண்டுகளில் 18 சதவீத உயர்வு பெற்றார்கள். நம்மைப் போன்றவர்கள் கேட்க மாட்டார்கள் என்ற எண்ணத்தை அது கொஞ்சம் அசைத்தது.

புரோபேஷனில் (குறை சொல்லிக் கண்காணிப்பில்) போட்டுவிட்டார்கள். கான்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டோம் என்கிறார்கள். என்ன செய்ய?

எதிலும் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். "ராஜினாமா செய்துவிட்டால் ரெக்கார்ட் சுத்தமாக இருக்கும்" என்று அன்பாகச் சொன்னாலும் அவகாசம் கேளுங்கள். புதுப்பிக்காமை, அடுத்த ஆண்டுக்கு உயர்த்தாமை, நீக்கம் ஆகியவற்றுக்கு எழுத்துபூர்வ அறிவிப்பும் முறையான மேல்முறையீட்டு வழியும் இருக்க வேண்டும். மருத்துவமனையின் ஜிஎம்இ கையேட்டில் எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு என்று இருக்கும். அது மிகக் குறுகியதாக இருக்கலாம். உங்கள் மதிப்பீடுகள், மின்னஞ்சல்களை நோயாளி விவரம் எதுவும் இல்லாமல் திரட்டி வையுங்கள்.

அதே நாளில் குடியேற்ற வழக்கறிஞரையும் பாருங்கள். ஹெச்-1பியில் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். ஜே-1ல் பயிற்சியை முழுதாக முடித்தவர்களுக்குத்தான் 30 நாள் சலுகை, நீக்கப்பட்டவருக்கு இல்லை. மேல்முறையீடு நடக்கும்போது உங்கள் நிலை என்ன என்பது முதலில் தெரிய வேண்டும்.

ஜூன் 30 ரெசிடென்சி முடிகிறது. புது வேலை ஆகஸ்ட் கடைசியில்தான். நடுவில் இன்சூரன்ஸ்?

வேலை விட்ட பின்னும் காப்பீட்டைத் தொடர வழிசெய்யும் கோப்ரா சட்டப்படி பழைய பிளானையே 18 மாதம் வரை தொடரலாம். ஆனால் மருத்துவமனையின் பங்கையும் சேர்த்து, 102 சதவீதம் வரை நீங்களே கட்ட வேண்டும். முடிவு செய்ய 60 நாள் உண்டு. அதற்குள் சேர்ந்தால் காப்பீடு நின்ற நாளிலிருந்தே செல்லுபடியாகும். அதனால் பலர் காத்திருந்து, நோய் வந்தால் மட்டும் சேர்கிறார்கள். ஜே நிலையில் இன்னும் இருப்பவர்கள் இப்படிக் காத்திருக்கக் கூடாது, மேலே சொன்ன காப்பீட்டு நிபந்தனை அவர்களுக்குத் தொடர்கிறது. சில மருத்துவமனைகள் ஜூலை முடிவு வரை காப்பீட்டை நீட்டுவதும் உண்டு, முதலில் அதைக் கேளுங்கள்.

கிளம்பும் முன் எச்ஆரில் இன்னும் இரண்டு வேலை. டெயில் கவரேஜ் பற்றிய கடிதத்தை வாங்குங்கள். குழு டிஸ்எபிலிட்டி பாலிசியைச் சொந்தப் பாலிசியாக மாற்ற முடியுமா, எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள். மருத்துவமனை மின்னஞ்சல் முடக்கப்படுவதற்கு முன், பதில்களை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.